நானூறு முறை கண்ணைப் பொத்தினாள்

குன்றக்குடியில் ஒரு கிருத்திகை நாள். மலையேறி வந்தவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு படியோரம் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் ஓர் அப்பத்தா பேரனுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். இந்த வட்டாரத்தில் எல்லோரும் கேட்டிருக்கிற கதைதான். சிவகங்கைச் சீமையை ஆண்ட பெரிய மருதுவுக்கு முதுகில் ராஜபிளவை. எத்தனையோ வைத்தியர் வந்து பார்த்தும் கட்டி உடையவில்லை, வலியும் அடங்கவில்லை. கடைசியில் குன்றக்குடி முருகனே கதி என்றிருந்த காடன் செட்டியாரை அழைத்து வந்தார்கள். அவர் சண்முகநாதரை நினைத்துத் திருநீறு பூசினார். கட்டி உடைந்து புண் ஆறியது. மருது இந்த மலைக்கு வந்து விழுந்து கும்பிட்டார், கோயில் திருப்பணியில் இறங்கினார்.

பையனுக்குப் பத்துப் பதினோரு வயது இருக்கும். "அப்பத்தா, இது சம்பந்தர் கதைல்ல? பாண்டிய ராசாவுக்குக் காய்ச்சல் வந்து, திருநீறு பூசுனதும் சரியாப் போச்சே?" என்றான்.

அப்பத்தா கொஞ்சம் யோசித்தார். "ராசாவுக்கு நோவு, திருநீத்துல தீந்துச்சு. அதுவரைக்கும் ஒண்ணுதான். அங்க ரெண்டு கூட்டத்துக்குப் போட்டி. யாரு சாமி பெருசுன்னு பாக்கப் பூசுனாக. இங்க போட்டி ஏது? நம்ம ஊருக்காரரு ஒருத்தரு, வலி தீரட்டும்னு பூசுனாரு."

திறனாய்வு என்று நான் படித்த பல பக்கங்களைவிட இந்த இரண்டு பேச்சும் பெரியவை. பையன் ஒரு மரபைக் கண்டுபிடித்தான். அரசனுக்குத் தீராத நோய், அடியவர் கையால் திருநீறு, அரசன் பணிதல். திலகவதியார் கொடுத்த திருநீற்றால் அப்பருக்குச் சூலை நோய் தீர்ந்ததையும் இதன் பக்கத்தில் வைக்கலாம். அப்பத்தா அந்தக் கண்டுபிடிப்பை மறுக்கவில்லை, அதோடு நிற்கவும் இல்லை. ஒத்துப்போகிற இடத்தை ஒப்புக்கொண்டு, பிரிகிற இடத்தில் விரலை வைத்தார். கதையில் திரும்பத் திரும்ப வரும் வழக்கங்களைக் கண்டுபிடித்துப் பெயர் வைப்பதால் நமக்கு ஏதாவது பயன் உண்டா, அது கதையைக் கொல்கிற வேலையா என்று வாசகர்களும் படம் பார்ப்பவர்களும் இன்று வாதாடுகிறார்கள். பட்டிமன்றத்தை ஊர் ஊராகக் கொண்டு போன குன்றக்குடி அடிகளாரின் ஊர் இது. இங்கே உட்கார்ந்து இரண்டு பக்கத்தையும் கேட்காமல் தீர்ப்புச் சொன்னால் அடுக்காது.

பெயர் வைப்பதற்கு எதிராகப் பேசுபவர்களின் வாதம் எளிமையானது, வலுவும் உள்ளது. படம் தொடங்கிப் பத்து நிமிஷத்தில் "இது ஆள்மாறாட்டக் கதை" என்று ஒருவர் சொல்லிவிட்டால் மீதிப் படம் வெறும் சரிபார்ப்பு ஆகிவிடுகிறது. "மாஸ் என்ட்ரி", "இண்டர்வெல் பிளாக்", "அம்மா சென்டிமென்ட்", "பிளாஷ்பேக்" என்று சீட்டு ஒட்டிக்கொண்டே போகிறவருக்குப் படம் பார்த்த அனுபவம் மிஞ்சுவதில்லை, பட்டியல்தான் மிஞ்சுகிறது. இது உண்மை. இன்றைய விமர்சனங்களில் பாதிக்கு மேல் இப்படி ஒட்டப்பட்ட சீட்டுகளே. "டெம்ப்ளேட் படம்" என்ற ஒரு சொல்லில் ஒரு வருஷ உழைப்பைத் தூக்கி எறிகிறார்கள்.

ஆனால் இந்த வாதம் ஒன்றை மறந்துவிடுகிறது. வழக்கங்களுக்குப் பெயர் வைப்பதை நாம் நேற்றுத் தொடங்கவில்லை. அக இலக்கியம் முழுவதும் பெயர் வைத்த வழக்கங்களின் மேல்தான் நிற்கிறது. அந்தப் பெயருக்குத் துறை என்று பெயர். ஆற்றில் எல்லோரும் இறங்கித் தண்ணீர் எடுக்கும் படித்துறைக்கும் அதே சொல்தான். காதலியை வீட்டில் அடைத்தால் இற்செறித்தல். மகளுக்கு என்ன நோய் என்று தெரியாமல் தாய் வேலனை அழைத்தால் வெறியாட்டு. தோழி துணிந்து உண்மையைச் சொன்னால் அறத்தொடு நிற்றல். இருவரும் ஊரை விட்டுப் போனால் உடன்போக்கு. அடுத்து என்ன வரும் என்று புலவனுக்கும் தெரியும், கேட்பவனுக்கும் தெரியும். தெரிந்தும் ஆயிரக்கணக்கான பாட்டுகள் பிறந்தன.

தெரிந்தால் சுவை போய்விடும் என்ற வாதத்துக்கு நம் சீமையிலேயே பதில் இருக்கிறது. கோவை என்ற நூல்வகை, முதல் பார்வையில் தொடங்கிக் கல்யாணத்துக்குப் பிந்திய பிரிவு வரைக்கும் துறைகளை வரிசையாகக் கோத்து, துறைக்கு ஒரு பாட்டாகச் செல்வது. மாணிக்கவாசகரின் திருக்கோவையாரில் 400 பாட்டு. குன்றக்குடிக்கும் ஒரு கோவை உண்டு, சாந்துப் புலவரின் மயூரகிரிக் கோவை. மயூரகிரி என்றால் மயில் போன்ற இந்த மலையேதான். ஆனால் நான் சொல்ல வந்தது வேறொன்று. 17ஆம் நூற்றாண்டில், இந்தச் சிவகங்கைப் பகுதியும் சேதுபதிகளின் ஆட்சியில் இருந்தபோது, அமிர்த கவிராயர் என்பவர் ரகுநாத சேதுபதி மேல் ஒரு கோவை பாடினார். நானூறு துறையை அவர் எடுக்கவில்லை. ஒரே ஒரு துறையை எடுத்தார். நாணிக் கண்புதைத்தல். தலைவன் எதிரே நிற்கிறான், தலைவி வெட்கத்தில் கண்ணைப் பொத்திக்கொள்கிறாள், அதைக் கண்டு அவன் பேசுகிறான். அவ்வளவுதான் சம்பவம். அதற்கு 400 பாட்டு. ஒருதுறைக் கோவை என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது.

இதைக் கொஞ்சம் நிதானமாக நினைத்துப் பார்க்க வேண்டும். முதல் பாட்டைக் கேட்கும்போதே இரண்டாம் பாட்டில் என்ன நடக்கும் என்று சபைக்குத் தெரியும். அவள் கண்ணைப் பொத்துவாள். நூறாவது பாட்டிலும் பொத்துவாள், முந்நூறாவதிலும் பொத்துவாள். கண்ணை மூடிய அந்தக் கைக்கு இந்த முறை அவன் என்ன சொல்லப்போகிறான் என்பதற்காகவே சபை காத்திருக்கிறது. என்ன நடக்கும் என்ற கேள்வி முதலிலேயே தீர்ந்துபோனதால், எப்படி என்ற கேள்விக்கு முழுக் கவனமும் கிடைத்தது. பிள்ளைத்தமிழில் அம்புலிப் பருவமும் இப்படித்தான். நிலாவைக் குழந்தையோடு விளையாட அழைக்க வேண்டும், அதுவும் சாமம், தானம், பேதம், தண்டம் என்ற நான்கு வழியிலும் அழைக்க வேண்டும் என்று முன்கூட்டியே வகுத்துவிட்டார்கள். புலவனின் திறமை தெரிகிற இடம் அதுதான். பெயர் வைத்ததால் கதை செத்தது என்று சொல்பவர்களின் வழக்கு இங்கே விழுந்துவிடுகிறது.

அப்படியானால் இன்றைய பெயர்கள் ஏன் கதையைத் தீய்க்கின்றன? பல நாள் யோசித்து எனக்குப் பிடிபட்டது ஓர் இலக்கண வித்தியாசம். பழைய துறைப் பெயர்களில் பெரும்பாலானவை தொழிற்பெயர்கள். கண்புதைத்தல், அறத்தொடு நிற்றல், இற்செறித்தல், மடலேறுதல், வரைவு கடாதல், வாயில் மறுத்தல். ஒருவர் ஒரு நேரத்தில் செய்யும் செயலுக்கு வைத்த பெயர்கள். இன்று நாம் வைக்கும் பெயர்கள் ஆளுக்கு வைத்தவை. லூசுப் பொண்ணு, மாஸ் ஹீரோ, பஞ்சாயத்து நாட்டாமை, வெள்ளந்தி நண்பன். செயலுக்குப் பெயர் வைத்தால் யார் செய்தார், யாரிடம் செய்தார், எதற்குச் செய்தார் என்று அடுத்தடுத்துக் கேட்கத் தோன்றும். ஆளுக்குப் பெயர் வைத்தால் கேள்வி அங்கேயே நின்றுவிடும். ரஷ்ய நாட்டு மாயக் கதைகளை ஆராய்ந்து 1928இல் புத்தகம் எழுதிய விளாதிமிர் பிராப்பும் இதையே செய்தார். ஆட்களை விட்டுவிட்டு, தடை விதித்தல், தடையை மீறுதல் என்று 31 செயல்களைப் பிரித்தெடுத்தார். அவர் தொல்காப்பியத்தைப் படித்திருக்க வழியில்லை. கதையை ஒழுங்காக ஆராயப் புகுந்தவர்கள் தனித்தனியே அதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

நாற்கவிராச நம்பி எழுதிய அகப்பொருள் இலக்கணத்தில் அகப்பாட்டின் உறுப்புகள் பன்னிரண்டு. திணை, கைகோள், கூற்று, கேட்போர், இடம், காலம், பயன், முன்னம், மெய்ப்பாடு, எச்சம், பொருள்வகை, துறை. துறையின் பெயர் பன்னிரண்டில் ஒன்றுதான். யார் சொல்கிறார், யார் கேட்கிறார், எங்கே, எப்போது, என்ன பயன் கருதி, எதைச் சொல்லாமல் விட்டார் என்ற கேள்விகள் அதோடு சேர்ந்தே வருகின்றன. அப்பத்தா நம்பியகப்பொருள் படித்திருக்க மாட்டார். ஆனால் "அங்க போட்டி, இங்க போட்டி ஏது" என்று அவர் பிரித்தது பயன் என்ற உறுப்பைத்தான்.

இந்த அளவுகோலை எம்.ஜி.ஆர். படங்கள் இரண்டின் மேல் வைத்துப் பார்க்கலாம். 1958இல் வந்த 'நாடோடி மன்னன்', 1965இல் வந்த 'எங்க வீட்டுப் பிள்ளை'. இரண்டிலும் இரட்டை வேடம், இரண்டிலும் ஆள்மாறாட்டம். "ரெட்டை வேஷக் கதை" என்று சொல்லிவிட்டால் இரண்டும் ஒரே படம். முதல் படத்தில் சாமானியன் சிம்மாசனத்தில் உட்கார்ந்து, நாட்டுக்குச் சட்டம் போடுகிறான். இரண்டாவதில் கோழை இருந்த வீட்டுக்குள் வீரன் நுழைந்து, அக்காள் புருஷன் கையிலிருந்த சவுக்கைத் தன் கையில் எடுக்கிறான். ஒன்று ஆட்சியைப் பற்றிய கனவு, மற்றொன்று வீட்டுக்குள் நடக்கும் கொடுமைக்கு முடிவு. அவர் 1977இல் முதலமைச்சரானதை யோசிக்கும்போது இந்த இரண்டில் எது எதற்கு வித்திட்டது என்று கேட்க வேண்டியிருக்கிறது. பெயரோடு நின்றவருக்கு அந்தக் கேள்வியே எழாது.

இப்போது "லூசுப் பொண்ணு". 2000க்குப் பிறகு வந்த எத்தனையோ படங்களில் கதாநாயகி உலகம் தெரியாதவளாக, காரணமில்லாமல் துள்ளுபவளாக, கதையின் எந்த முடிவிலும் பங்கில்லாதவளாக வந்தாள். ஒவ்வொரு படத்திலும் தனித்தனியே எரிச்சல்பட்டவர்களுக்கு இந்தப் பெயர் வந்த பிறகு, எரிச்சல் தங்களுக்கு மட்டும் இல்லை என்று தெரிந்தது. இயக்குநர்களும் கூச்சப்பட ஆரம்பித்தார்கள். இதைச் செய்தது பெயர்தான். பெயர் வைப்பதற்கு ஆதரவாக நான் வைக்கும் முதல் சாட்சி இது. ஆனாலும் இந்தப் பெயரில் ஒரு பெரிய குறை இருக்கிறது. குற்றம் அந்தப் பெண் மேல் விழுகிறது. அவளை அப்படி எழுதியவனும், அப்படிப்பட்டவளையே காதலிக்கச் சுலபம் என்று காட்டியவனும் பெயருக்கு வெளியே தப்பித்துவிடுகிறார்கள். பழைய முறையில் பெயர் வைத்தால் "அறிவைப் பறித்துக் காட்டல்" என்று வைக்கலாம். அப்போது பறித்தவன் யார் என்ற கேள்வி பெயருக்குள்ளேயே இருக்கும்.

இதைவிட முக்கியமான ஒன்று, வேண்டாம் என்று சொன்ன பெண்ணின் பின்னாலேயே போய்ப் போய்ச் சம்மதம் வாங்கும் காதல். இதற்கு நம் சினிமா விமர்சனத்தில் சரியான பெயர் இன்னும் இல்லை. "விடாமுயற்சிக் காதல்" என்று பாராட்டாகக்கூட எழுதுகிறார்கள். அக இலக்கணத்தில் இதற்குப் பக்கத்து வீட்டுத் துறை ஒன்று இருந்தது. மடல். காதலி கிடைக்காத தலைவன் பனங்கருக்கால் செய்த குதிரையில் ஏறி, எருக்கம்பூ மாலை போட்டுக்கொண்டு, ஊர்த் தெருவில் வந்து நின்று, பெண் வீட்டாரை வெட்கப்படுத்திச் சம்மதம் வாங்குவது. வற்புறுத்தல்தான், சந்தேகமில்லை. ஆனால் தொல்காப்பியம் அதற்குள் ஒரு கோடு கிழித்தது. "மடலேறுவேன்" என்று சொல்வது களவுக் காதலுக்குள் அடங்கும். உண்மையாகவே ஏறிவிட்டால் அது பெருந்திணை, பொருந்தாக் காமம். வாயால் சொல்வதற்கும் செய்துவிடுவதற்கும் நடுவில் இலக்கணம் ஒரு வேலி போட்டது. நம் படங்களில் பாட்டு முடிவதற்குள் அந்த வேலி தாண்டப்பட்டுவிடுகிறது, தாண்டியதை யாரும் கவனிப்பதும் இல்லை. பெயரும் எல்லையும் இல்லாததால்தான் கவனிக்க முடியவில்லை என்று நான் நினைக்கிறேன்.

எல்லை தெரிந்தால்தான் மீறலும் தெரியும். பெண்கள் மடலேறுவதில்லை என்பது தமிழ் மரபு. திருமங்கையாழ்வார் இதை நன்றாகத் தெரிந்துகொண்டே, திருமாலிடம் காதல் கொண்ட ஒரு பெண்ணை மடலூர்வேன் என்று சொல்ல வைத்தார். சிறிய திருமடல், பெரிய திருமடல் இரண்டிலும் பேசுவது அவள்தான். மரபின் பெயரும் விதியும் அறியாதவர்களுக்கு அது பக்திப் பாட்டு. அறிந்தவர்களுக்கு அது ஓர் அதிர்ச்சி.

இவ்வளவு சொன்னதால் பழைய முறை குறையில்லாதது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எதிர்த்தரப்புக்கு இன்னும் இரண்டு சாட்சி இருக்கிறது, இரண்டும் கனமானவை. முதலாவது, தேய்வு. கோவைகள் பெருகிய காலத்தில் பலவற்றில் ஊர்ப்பெயரையும் வள்ளல் பெயரையும் மாற்றினால் ஒரு கோவை இன்னொரு கோவையாகிவிடும். துறைப் பெயர் கட்டளைச்சட்டமாகி, பாட்டு செங்கல்லாகிவிட்டது. ஒருதுறைக் கோவையிலேயே எல்லாப் பாட்டிலும் ஒரே சத்து இருக்கிறது என்று என்னால் சொல்ல முடியாது. இரண்டாவது சாட்சி இன்னும் கடுமையானது. ஏவல் செய்பவர்களையும் கைத்தொழில் செய்பவர்களையும் அன்பின் ஐந்திணைக்குத் தலைமக்கள் ஆக்காமல், ஒருதலைக் காமமான கைக்கிளை, பெருந்திணை இவற்றின் பக்கம் ஒதுக்கியது தொல்காப்பிய மரபு. உரையாசிரியர்கள் அப்படித்தான் படித்தார்கள். வேலி போடுகிறவன் யாரை வெளியே விட்டான் என்றும் கேட்டாக வேண்டும். வேலைக்காரனின் காதல் இன்றைக்கும் நம் படங்களில் காமெடி டிராக்கில்தான் வருகிறது என்பதை நினைக்கும்போது, இந்த ஒதுக்கல் எவ்வளவு நீளமானது என்று மனசு கனக்கிறது.

பெயர் இல்லாமல் விட்டால் மட்டும் நியாயம் கிடைத்துவிடுமா? அதற்கு எங்கள் பக்கத்து வீடுகளே சாட்சி. காரைக்குடி, கானாடுகாத்தான் வீடுகள் படத்துக்குப் படம் வருகின்றன. பெரிய முகப்பு, வளவைச் சுற்றித் தூண்கள், நடுவில் வெயில் விழும் முற்றம். படத்தில் அது ஒரு ஜமீன்தார் வீடு, அல்லது ஒரே அடுப்பில் சமைத்து ஒரே பந்தியில் ஐம்பது பேர் சாப்பிடும் கூட்டுக் குடும்பம். கட்டியவர்களில் பெரும்பாலோர் ஜமீன்தார்கள் இல்லை, பர்மாவிலும் மலேயாவிலும் கொண்டுவிற்ற நகரத்தார் வணிகர்கள். வளவைச் சுற்றியுள்ள அறைகள் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் தனித்தனி. கல்யாணமாகிச் சில காலத்தில் மகனையும் மருமகளையும் "வேறு வைப்பது" நகரத்தார் வழக்கம். ஒரே கூரை, தனித்தனிச் சமையல், ஒவ்வொரு கல்யாணமான ஜோடியும் ஒரு புள்ளி, அந்தப் புள்ளிக்குத் தனிக் கணக்கு. சேர்ந்து இருப்பதற்கும் தனித்து இருப்பதற்கும் நடுவில் அந்த வளவு நுட்பமான ஓர் ஏற்பாட்டைக் காப்பாற்றியது. சினிமா அதை ஒரே பந்தியாக்கிவிட்டது. வெளியூரிலிருந்து வந்து வீட்டைப் பார்ப்பவர்கள், "எல்லாரும் சேர்ந்து சாப்பிடுற இடம் எது?" என்று கேட்கிறார்கள். படம் பார்த்து வந்த கேள்வி. "பெரிய வீட்டை ஒரே அடுப்பாக்கல்" என்று இந்த வழக்கத்துக்கு யாராவது முன்பே பெயர் வைத்திருந்தால், பார்ப்பவர்கள் வீட்டை வீடாகப் பார்த்திருப்பார்கள்.

ஆகவே என் தீர்ப்பு பெயர் வைப்பவர்களின் பக்கம்தான், மூன்று நிபந்தனையோடு. பெயர் செயலுக்கு வைக்கப்பட வேண்டும், ஆளுக்கு வேண்டாம். பெயரோடு யார், யாரிடம், எதற்கு என்ற கேள்விகள் வர வேண்டும். அவை வராத பெயரைத் திறனாய்வாக ஏற்க முடியாது. பெயர் வைத்தவர் தான் போட்ட வேலிக்கு வெளியே யார் நிற்கிறார் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இந்த மூன்றில் மூன்றாவதில் நம் இலக்கணிகள் தவறினார்கள். முதல் இரண்டில் இன்றைய விமர்சகர்கள் தவறுகிறார்கள். "டெம்ப்ளேட்" என்ற சொல்லை நான் எழுதுவதை விட்டுவிட்டேன், அது மூன்றிலும் தவறுகிறது.

பட்டிமன்றக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. கற்பிற் சிறந்தவள் கண்ணகியா, மாதவியா என்று மேடை மேடையாகப் பேசிவிட்டோம். ஒருவனுக்கு இரண்டு பெண்களை வைத்து, அவர்களை மட்டுமே தராசில் ஏற்றும் இந்தக் கதை வழக்கத்தையே ஒரு நாள் தலைப்பாக வைக்க வேண்டும். மருதத்திணைப் பரத்தையிற் பிரிவிலிருந்து இன்றைய இரவு எட்டரை மணி சீரியல் வரைக்கும் பேசப் பொருள் இருக்கிறது, தராசில் ஏறாத கோவலனைப் பற்றியும் பேசலாம்.

அன்றைக்கு அந்தப் பையன் இறங்குவதற்கு முன்னால் இன்னொன்றும் கேட்டான். "அப்பத்தா, ராசா கோயிலுக்குச் செஞ்சாரு. காடன் செட்டியாருக்கு என்ன செஞ்சாரு?"

அப்பத்தா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டே எழுந்தார். "அது எனக்குச் சொன்னவுக சொல்லலப்பா" என்றார்.

படி இறங்கும்வரை பையன் அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு போனான்.